சொல்லிட்டுப் போங்க

எங்கள் ஸ்டுடியோவில் கறுப்பு வெள்ளைப் படம் என்றால் ஒரே அர்த்தம்தான். யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பழைய கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு முகத்தை வெட்டியெடுப்பேன். பக்கத்தில் நிற்கிற ஆளின் தோளை அழிப்பேன், சட்டை கசங்கியிருந்தால் கம்ப்யூட்டரிலேயே புதுச் சட்டை மாட்டுவேன், கடைசியாகக் கலரை உருவிவிடுவேன். உத்தமபாளையத்தில் பாதி வீட்டுச் சுவர்களில் மாலைக்குள் இருப்பது என் கைவேலைதான். உயிரோடு இருக்கிற யாரும் இதுவரை என்னிடம் வந்து, எனக்குக் கறுப்பு வெள்ளையில் போட்டுக் கொடு என்று கேட்டதில்லை.

அதை விரும்புகிற ஒரே ஆள் என் வீட்டுக்காரர். வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாணத்தைக் கலரில் எடுப்பார், தன் ஆசைக்கு எடுப்பதெல்லாம் கறுப்பு வெள்ளை. "கலரு கண்ண ஏமாத்திரும் புள்ள" என்பார். ஒரு தடவை பந்தியில் கேசரியைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பெண்வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்போதும் புத்தி வரவில்லை.

போன வருஷம் அவருக்கு ஒரு யோகம் அடித்தது. கம்பத்துக்காரர் ஒருவர் வான்கூவரில் குடியிருக்கிறார். மகள் கல்யாணத்தை ஊர்க்காரன்தான் படம் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக டிக்கெட் போட்டு இவரை வரவழைத்தார். ஆனிக் கடைசியில் கல்யாணம் முடிந்தது. அடுத்து ஆடி. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஊருக்கு வந்தாலும் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால், படம் எடுக்கிறவர்கள் சிலர் சேர்ந்து படகில் தீவுகளுக்குப் போகிற பயணம் ஒன்றில் இவரையும் சேர்த்துவிட்டார் அந்த மனிதர். ஹைடா என்கிற பூர்வகுடி மக்களின் தீவுகள், கனடாவின் மேற்குக் கரையிலிருந்து தள்ளிக் கடலுக்குள் இருக்கின்றன.

எனக்கும் போக ஆசைதான். ஏன் பொய் சொல்ல வேண்டும்? கிழக்கே மலை, மேற்கே மலை, தெற்கே போனால் லோயர் கேம்ப்போடு ரோடு மலைமேல் ஏறிவிடுகிறது. நான் பார்த்த கடல் ராமேஸ்வரத்தோடு சரி. ஆனால் கடையை யார் பார்ப்பது, அத்தையை யார் பார்ப்பது? அத்தை என்பது அவருடைய அம்மா. சர்க்கரையும் முட்டிவலியுமாக எங்களோடு இருக்கிறார்.

வீட்டுக்காரர் கிளம்பிய அன்று அவரை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட நானும் அத்தையும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தோம். கேமரா பைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். படியில் தொங்கிக்கொண்டே கையை ஆட்டி, "போறேன்டி!" என்று கத்தினார். வெறும் போறேன். எங்கள் பக்கம் கடைக்குப் பால் வாங்கப் போகிறவர்கூட "போய்ட்டு வாரேன்" என்றுதான் சொல்வார். வெறும் "போறேன்" என்றால் திரும்பாமல் போகிற போக்கு. எனக்குச் சுருக்கென்றது. அத்தை முகத்தைப் பார்த்தேன், அவர் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார். காதில் விழவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்ததும் படங்கள் வரத் தொடங்கின. கடையில் வேலை இல்லாததால் அவற்றைப் பெரிய திரையில் போட்டுப் பார்ப்பதே என் வேலையாக இருந்தது. சாம்பல் நிறக் கடல், அதில் பாதி மூழ்கிய காடு போல மேகம். கரண்ட் கம்பத்தில் கழுகு, நம்மூர்க் காக்கை மாதிரிச் சாதாரணமாக. ஒரே மரத்தைக் குடைந்து செய்த படகு. ஊருக்குள் ஒரு வீட்டு வாசலில் புதிதாகச் செதுக்கி நிறுத்திய தேவதாரு மரத்தூண், அடியிலிருந்து உச்சி வரை கரடி, காக்கை, திமிங்கலம், அதன் கீழே சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகள். நன்றிக்கு அவர்கள் மொழியில் "ஹாவா" என்று சொல்ல வேண்டுமாம். தினமும் போனில் எனக்கு ஒரு ஹாவா வைத்தார். "அத வச்சுச் சோறு பொங்க முடியுமா?" என்று கேட்டேன்.

ஒருநாள் பக்கத்துத் தீவில் ஆளில்லாத பழைய கிராமம் ஒன்றுக்குப் போய்த் திரும்பி, சாயங்காலம் நீளமாகக் குரல் அனுப்பியிருந்தார். "ஊரே இல்ல புள்ள. முன்ன ஒரு காலத்துல பெரியம்ம நோவு வந்து வீடு வீடாச் செத்திருக்காக. மிச்ச ஆளுக வேற ஊருக்குப் போயிட்டாக. இப்ப தூணுக மட்டும் பாசி புடிச்சு நிக்கிது. சாஞ்சா சாயட்டும்னு விட்டுட்டாக. கோடைக்கு ஒரு அம்மா காவலுக்கு இருக்காக. படகுல இருந்தே ரேடியோவுல கூப்ட்டு, வரலாமான்னு கேட்டுட்டுத்தான் எறங்கணும். சிப்பி பரப்புன தடத்த விட்டு எட்டு வைக்கக் கூடாது. படமும் கேட்டுத்தான் எடுத்தேன். கெளம்புறப்பவும் அந்தம்மாட்டச் சொல்லிட்டுத்தான் கெளம்புனோம்."

ஊர் பேர் தெரியாத அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பத் தெரிகிறது, பெண்டாட்டியிடம் தெரியவில்லை என்று எனக்கு எரிச்சல். கூடவே ஒரு படம். சிப்பித் தடத்தில் தொப்பியோடு தனியாக நிற்கிறார். பின்னால் சாய்ந்த தூண் ஒன்று. கறுப்பு வெள்ளை. கலரில் அனுப்பச் சொல்லி எழுதினேன். அதற்குள் அதை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். மறுநாள் படகு இன்னும் தெற்கே போகிறது, செவ்வாய்க்கிழமை வரை சிக்னல் இருக்காது என்று ஒரு வரி. அதோடு போன் அடங்கியது.

இவருக்கு ஒரு கூட்டாளி, கம்பம் ரோட்டில் ஃபிளெக்ஸ் போர்டு அச்சடிக்கிற கடை வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். பாசம் பொங்கிவிட்டது. ஸ்டேட்டஸில் இருந்த அந்தப் படத்தை எடுத்து, சுற்றிச் செவ்வந்திப் பூ வைத்து, பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஆளுயரத்துக்குக் கட்டிவிட்டார். மேலே, "எங்களை விட்டுக் கடல் கடந்து சென்ற எங்கள் அண்ணன்." கீழே, "வெற்றியோடு திரும்பி வர வாழ்த்துகிறோம்." என்னிடம் சொல்லவில்லை, திடீரென்று காட்டி அசத்த வேண்டுமாம்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் அது பழமொழி இல்லை, வானிலை அறிக்கை. புதன்கிழமை ராத்திரி அடித்த காற்றில் போர்டின் கீழ்ப்பாதி கிழிந்து பறந்துவிட்டது. வாழ்த்தெல்லாம் எந்தத் தென்னந்தோப்பில் போய் விழுந்ததோ. வியாழன் விடிந்தபோது அந்த வழியாகப் போன பஸ்களில் இருந்தவர்கள் பார்த்தது, கறுப்பு வெள்ளையில் ஒரு முகம், சுற்றிப் பூ, எங்களை விட்டுச் சென்ற எங்கள் அண்ணன்.

எனக்கு இது எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் செவ்வாய் போய்விட்டது, புதனும் போய்விட்டது, போன் வரவில்லை என்பதுதான். வியாழன் காலையில் வான்கூவர்க்காரரைக் கூப்பிட்டேன். அங்கே ராத்திரி. "படகு இன்னும் திரும்பலைங்க. காத்து பலமா இருக்குதாம், எங்கேயாவது ஒதுங்கியிருப்பாங்க. பயப்படாதீங்க" என்றார். அதுவரை நான் பயப்படவில்லை. அவர் அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் தொடங்கியது. அத்தையிடம் எதுவும் சொல்லவில்லை. போய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.

இரண்டாவது தோசையைத் திருப்பும்போது தெருமுனையில் ஒப்பாரி கேட்டது. யார் வீட்டிலோ என்று எட்டிப் பார்த்தால், வருவது மயிலாடும்பாறையிலிருந்து என் மதினி, வீட்டுக்காரரின் அக்கா. நெஞ்சில் அடித்துக்கொண்டு, கையில் ரோஜா மாலையோடு, பின்னால் ஒரு வேன் ஜனத்தோடு. "ஏ தம்பி! கடலத் தாண்டிப் போயி என்னய விட்டுட்டியே!"

என்ன ஏது என்று கேட்டு, பஸ்ஸில் போன யாரோ கிழிந்த போர்டைப் பார்த்துப் போன் போட்ட கதை புரிந்ததும் நான் சிரித்துவிட்டேன். நைட்டியும் கையில் தோசைக் கரண்டியுமாக நின்று சிரித்தேன். மதினி என்னைப் பார்த்து இன்னும் சத்தமாக அழுதார். "ஐயோ, புள்ளைக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சே!"

அதற்கப்புறம் நான் எதைச் சொன்னாலும் எடுபடவில்லை. அவர் நன்றாக இருக்கிறார் என்றேன். "இவளுக்கு இன்னும் சொல்லல போல" என்று ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். போர்டு கிழிந்துபோய்விட்டது, அதுதான் விஷயம் என்றேன். "அவுக மறைக்கத்தான் செய்வாக" என்றார்கள். "அப்ப ஒரு போனப் போட்டுக் குடு, பேசுறோம்" என்று ஒரு பெரியவர் கேட்டார். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அந்தப் பெண் குரல் ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது. வான்கூவர்க்காரர் போனும் எடுக்கவில்லை, தூங்கியிருப்பார். கூடத்தில் சத்தம் உயர்ந்தது.

உத்தமபாளையம், சின்னமனூர், கம்பம் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். யாரோ நாற்காலி இறக்கினார்கள். யாரோ வாசலில் பந்தல் போட ஆள் கூப்பிட்டார்கள், நான் போட்ட சத்தத்தில் அவன் கம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். தெருவுக்குப் போய் அந்தப் போர்டை நானே கிழித்தெறியலாம் என்று கிளம்பினால், நாலு பெண்கள் சேர்ந்து தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். "நீ வெளிய போகக் கூடாதுத்தா." என் வீட்டில், என் கூடத்தில், என்னைச் சுற்றி மூன்று வரிசைப் பெண்கள். மலைகூட அவ்வளவு நெருக்கமாக நின்றதில்லை. "அழுதுரு ஆத்தா, அடக்காத, நெஞ்சு அடைச்சுப்போகும்" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்கள். அழுதால் ஒத்துக்கொண்டதாகிவிடும். அழாவிட்டால் கல்நெஞ்சுக்காரி. கல்நெஞ்சுக்காரியாகவே இருந்தேன்.

ஃபிளெக்ஸ் கடைக்காரர் வந்தால் எல்லாம் தீரும் என்று ஆள் அனுப்பினேன். வந்தார். வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும், "எல்லாம் என்னாலதான் மதினி!" என்று என் காலடியில் விழுந்து கேவினார். போர்டைப் பற்றிச் சொல்லச் சொன்னால் இன்னும் கேவினார். ஏற்கெனவே சந்தேகத்தோடு இருந்த நாலைந்து பேரும் அவரைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தார்கள். தீயை அணைக்கக் கூப்பிட்டவன் எண்ணெய் ஊற்றின மாதிரி ஆயிற்று.

பிறகு நானே ஒரு காரியம் செய்தேன். போனில் இருந்த அந்தப் படத்தைக் காட்டி, பாருங்கள், நல்லாத்தானே நிற்கிறார் என்றேன். போன் கை மாறிக் கை மாறிப் போனது. ஒரு கிழவி கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "பின்னாடி அது என்னத்தா தூணு?" என்றாள். வீட்டுக்காரர் போனில் சொல்லியிருந்ததை நினைத்துப் பார்த்து உள்ளதைச் சொன்னேன். "அது அந்த ஊர்ல தலைவரு யாராச்சும் எறந்தா வைக்கிறது. எலும்பக்கூட மேல பொட்டியில வப்பாகளாம்." சொல்லி முடிக்கவில்லை, கூடம் இடிந்து விழுந்தது. மதினி எழுந்து மாலையைக் கொண்டுபோய் டிவி மேல் இருந்த எங்கள் கல்யாணப் படத்துக்குப் போட்டுவிட்டார். அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன்.

மாலையை அறுத்து எறிந்துவிட்டு அத்தையின் அறைக்குள் போனேன். காலையிலிருந்து அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பஸ்ஸுல தொங்கிக்கிட்டு என்ன சொன்னான், கேட்டியா?" என்றார்.

"கேட்டேன் அத்தை."

"நானுந்தான் கேட்டேன்."

அத்தனை நாள் ஒரே வீட்டில் அதை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்திருந்திருக்கிறோம். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உண்மையாகப் பயம் வந்தது. வெளியே அழுதவர்கள் போர்டை நம்பி அழுதார்கள். எங்களுக்குப் போர்டு தேவைப்படவில்லை, அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. படகு, காற்று, ஒதுங்கியிருப்பாங்க, பயப்படாதீங்க. அந்தக் கடல் எவ்வளவு குளிரும் என்றுகூட எனக்குத் தெரியாது.

மறுபடி கூடத்துக்கு வந்தபோது சின்னமனூர்க்காரர்கள் ஐந்தாறு பேர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். சாவு விழுந்த துட்டி வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. வந்த மாதிரியே எழுந்து, முகம் பார்க்காமல் போய்விட வேண்டும். வாரேன் என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். அதன்படி அவர்கள் வாய் பேசாமல் படியை நோக்கி நடந்தார்கள். அந்த மௌனம் எனக்குப் பொறுக்கவில்லை. ஒப்பாரியைக்கூடப் பொறுத்தேன். ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"சொல்லிட்டுப் போங்க."

திகைத்து நின்றார்கள்.

"எந்த வீட்டுக்கு வந்தாலும் போய்ட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான போவீக? சொல்லிட்டுப் போங்க."

"அது எப்பிடித்தா..."

"அப்ப உள்ள வந்து உக்காருங்க. சொல்லாம ஒருத்தரும் இந்தப் படி எறங்கக் கூடாது."

கதவை இழுத்துச் சாத்தி அதன் மேல் சாய்ந்து நின்றேன். யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், நான் விட மாட்டேன் என்கிறேன். இப்போது எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். நாற்காலிகளிலும் தரையிலும் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்று ஒருவர் முனகினார். ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டுப் போய் மாட்டைப் பார்க்க வேண்டியதுதானே என்றேன். வாயைத் திறக்கவில்லை. இந்தப் பிடிவாதத்தை வேறு எதிலாவது காட்டியிருந்தால் எங்கள் சனம் எங்கோ போயிருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருவர்தான் சொன்னார். முஸ்லிம் வீடு, நாங்கள் இங்கே குடிவந்த நாளிலிருந்து பழக்கம். பெரிய தூக்கு நிறையத் தேயிலைத் தண்ணி கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். "அல்லா காப்பாத்துவான். போய்ட்டு வாரேன் தங்கச்சி" என்று சத்தமாகச் சொன்னார். கதவைத் திறந்துவிட்டேன். மறுபடி சாத்தினேன்.

வெயில் இறங்கியது. நின்று நின்று கால் மரத்துவிட்டது. மதினி மெல்ல எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். அவர் கணவரை இழந்து வெகுகாலம் ஆகிறது. ஒன்றும் பேசாமல் என் இடது மணிக்கட்டைப் பிடித்தார். கண்ணாடி வளையல்களை மொத்தமாகக் கைக்குள் அடக்கி, சத்தம் வராதபடி பிடித்திருந்தார். உடைக்கத்தான் பிடித்தாரா, உடைக்க விடக் கூடாது என்று பிடித்தாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.  கையை உருவிக்கொள்ள முடியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. தெரியாத வெளிநாட்டு எண். மதினியின் கை அப்படியே இருக்க, மறு கையால் ஸ்பீக்கரில் போட்டேன். என்ன செய்தியாக இருந்தாலும் எல்லோரும் சேர்ந்தே கேட்கட்டும் என்று நினைத்தேன்.

"என்ன புள்ள, சாப்ட்டியா?" என்றார். குரல் நல்ல குஷியாக இருந்தது. "ரெண்டு நாளாக் காத்துல மாட்டிக்கிட்டோம். ஒரு குடாவுக்குள்ள நங்கூரம் போட்டுக் கெடந்தோம். பொழுது விடியவும்தான் கரைக்கு வந்தோம். ஏம் போனு நனைஞ்சுபோச்சு, கடையில ஒருத்தருட்டக் கேட்டு வாங்கிப் பேசுறேன். நீர்நாய் படம் எடுத்துருக்கேன் பாரு, குட்டிய வயித்து மேல வச்சுக்கிட்டு மெதக்குது..."

 அத்தை எப்போது எழுந்து வந்தாரோ, முட்டிவலியோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு போனில் குனிந்தார். "ஏலே, இருக்கியா?"

"இருக்கேன்த்தா. எங்க போகப்போறேன்? என்ன, வீட்ல ஏதோ சத்தமா இருக்கு? யாரு வந்துருக்காக?"

"ஒங்க துட்டிக்கு வந்துருக்காக" என்றேன் நான்.

அந்தப் பக்கம் சிரித்தார். இந்தப் பக்கம் ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஃபிளெக்ஸ் கடைக்காரர் சுவரில் முட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரருக்கு எதுவும் விளங்கவில்லை. "சரி சரி, ஊருக்கு வந்து பேசிக்கிருவோம். அந்தாளு போனு, நிக்கிறாரு பாவம். வைக்கிறேன்."

"சொல்லிட்டு வைங்க" என்றேன்.

"அதான் சொன்னேனே, வைக்கிறேன்னு."

அடுத்து நான் வாயைத் திறப்பதற்குள், அவ்வளவு நேரம் அந்த ஒரு வார்த்தைக்காக என்னோடு மல்லுக்கட்டிய கூட்டம் முழுக்க, சின்னமனூர்க்காரர்கள், மாட்டுக்காரர், தூணைப் பற்றிக் கேட்ட கிழவி, மதினி, எல்லோரும் ஒரே குரலாகக் கத்தினார்கள். "போய்ட்டு வாரேன்னு சொல்லுய்யா!"

 பள்ளிக்கூடப் பையன் ஒப்பிக்கிற மாதிரி, "போய்ட்டு வாரேன்" என்றார். "போய்ட்டு வாரேன்த்தா. போய்ட்டு வாரேன் புள்ள."

அப்போதுதான் அழுகை வந்தது. கதவிலேயே சரிந்து தரையில் உட்கார்ந்து, அன்று காலையிலிருந்து அவர்கள் கேட்டுக் கேட்டு நான் தராத அழுகையையெல்லாம் அழுதேன். மதினி என் மணிக்கட்டை விட்டார். வளையல்கள் கீழே இறங்கிச் சலசலத்தன. "அழு ஆத்தா. இப்ப அழு" என்றார்.

கதவைத் திறந்து ஒவ்வொருவராகப் படியிறங்கினார்கள். ஒருத்தர் விடாமல் குனிந்து, என் முகத்தைப் பார்த்து, "போய்ட்டு வாரேன்த்தா, போய்ட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.